நாற்பது பேர் வகுப்பில் இரண்டு மூன்று பேர்



பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. நோட்டுகளுக்கு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, வேன்காரருக்கு முன்பணம் கொடுத்து ஒருவழியாக மூச்சு விட்டிருப்பீர்கள். இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் சில வீடுகளுக்கு மட்டும் டைரியில் சிவப்பு மைக் குறிப்புகள் வர ஆரம்பிக்கும். ‘வகுப்பில் கவனிப்பதில்லை.’ ‘எழுதி முடிக்கவில்லை.’ ‘இடத்தில் உட்காருவதில்லை, பக்கத்தில் இருப்பவர்களையும் எழுத விடுவதில்லை.’ பிறகு ஒரு நாள், ‘பெற்றோர் நேரில் வரவும்.’ அந்த வீடுகளை நினைத்துத்தான் இந்த மாதம் எழுத உட்கார்ந்தேன். மற்றவர்களும் படிக்க வேண்டும். அந்தப் பிள்ளை உங்கள் பிள்ளையின் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஏ.டி.எச்.டி. என்ற நான்கெழுத்தை இப்போது பலரும் கேள்விப்பட்டிருக்கிறோம். கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த கோளாறு. மருத்துவர் வாயிலிருந்து முதல்முறை இதைக் கேட்கும் பெற்றோருக்கு, உலகத்திலேயே தங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி நடக்கிறது என்று தோன்றிவிடுகிறது. ஆகவே எண்ணிக்கையிலிருந்தே தொடங்குகிறேன்.

கோயம்புத்தூர் மாவட்டத்தில் நான்கு பள்ளிகளில், ஆறு வயதிலிருந்து பதினொரு வயது வரையுள்ள 770 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2013-இல் ‘இண்டியன் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி’யில் அது வெளிவந்தது. பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் கேள்வித்தாள் கொடுத்து, பிள்ளையின் நடத்தையை மதிப்பிடச் சொன்னார்கள். 11.32 சதவீதப் பிள்ளைகளிடம் இந்தக் கோளாறுக்கான அறிகுறிகள் தெரிந்தன. ஏறக்குறைய ஒன்பது பேருக்கு ஒருவர். அப்படிக் கண்டறியப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆண் பிள்ளைகள்.

இது நம் ஊர்க் கணக்கு என்பதால் முதலில் சொன்னேன். ஆனால் கேள்வித்தாளில் அகப்படுகிற எல்லாப் பிள்ளைகளுக்கும், மருத்துவர் உட்கார வைத்து முழுதாகப் பார்த்த பிறகும் அதே பெயர் நிற்கும் என்று சொல்ல முடியாது. சல்லடையில் தங்கியதை மறுபடி ஒருமுறை கையால் பொறுக்க வேண்டியிருக்கும். இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு 2019-இல் ஒரு கட்டுரை வந்தது. அதில் கிடைத்த சராசரி 7.1 சதவீதம். உலக அளவில், பிரேசில் நாட்டு மனநல மருத்துவர் கில்யெர்மே பொலான்சிக்கும் அவருடன் வேலை செய்தவர்களும் 102 ஆய்வுகளை எடுத்து, ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்து 2007-இல் சொன்ன எண் 5.29 சதவீதம். நாற்பது பேர் படிக்கும் வகுப்பு என்று வைத்துக்கொண்டால், இரண்டு அல்லது மூன்று பேர்.

எண்கள் இப்படி மாறுவதைப் பார்த்துவிட்டு, ‘எல்லாம் டாக்டர்கள் கிளப்பிவிடுவது’ என்று சிலர் சொல்வார்கள். அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். 2015 என்ற ஒரே ஆண்டில் உலகக் கணக்கு என்று இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று 3.4 சதவீதம் என்றது, இன்னொன்று 7.2 என்றது. இரண்டும் நேர்மையான வேலைதான். ஆசிரியரை மட்டும் கேட்டால் எண் கூடும். ஆசிரியரும் சொல்ல வேண்டும், வீட்டிலும் அதே தொந்தரவு இருக்க வேண்டும், அதனால் பிள்ளையின் படிப்போ நட்போ அன்றாட வாழ்க்கையோ உண்மையில் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நிபந்தனையாகச் சேர்த்தால் எண் குறையும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் எந்த அளவுக்கு மேல் போனால் நோய் என்று மருத்துவர்கள் ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். இங்கேயும் அப்படி ஒரு கோடு இருக்கிறது, அதை ரத்தப் பரிசோதனையால் தொட முடியாது என்பதுதான் சிக்கல். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டில் கோடு எங்கே என்று எழுதியிருக்கிறது. கவனக்குறைவுக்கு ஒன்பது அறிகுறிகள், துறுதுறுப்புக்கும் அவசரத்துக்கும் ஒன்பது. இரண்டில் ஏதாவது ஒரு பட்டியலில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும். ஆறு மாதமாகத் தொடர்ந்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்குள் சில அறிகுறிகளாவது தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். ஆகவே, வீட்டில் சமர்த்தாக இருந்து பள்ளியில் மட்டும் சேட்டை செய்கிற பிள்ளையைப் பற்றி யாராவது இந்தப் பெயரைச் சொன்னால், முதலில் அந்தப் பள்ளியில் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள்.

சென்ற மாதம் ஒரு அம்மா கடிதம் எழுதியிருந்தார். மகன் மூன்றாம் வகுப்பு. கடிதத்தோடு அவனுடைய கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தை நகல் எடுத்து வைத்திருந்தார். பத்துக் கூட்டல் கணக்குகள். முதல் மூன்று சரி, எழுத்தும் கோட்டுக்குள் நிற்கிறது. நான்காவதில் மீதி எண்ணை மேலே எடுத்துப் போட்டுவிட்டு, கூட்டும்போது அதை விட்டுவிட்டான். ஐந்தாவதில் கூட்டல் குறி இருக்கிறது, கழித்திருக்கிறான். ஆறாவது பாதியில் நிற்கிறது. ஏழுக்குக் கணக்கின் எண் மட்டும் இருக்கிறது. எட்டு இல்லை, ஒன்பது இல்லை. பக்கத்து ஓரத்தில் ஒரு ஆட்டோ, முன் கண்ணாடியும் மீட்டரும் உள்பட மிக நன்றாக வரைந்திருக்கிறான். அதன் கீழே ஆசிரியை ‘அலட்சியம்’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறார்.

அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பையனுக்குக் கூட்டல் தெரியும். முதல் மூன்று கணக்கே சாட்சி. நான்காவது கணக்கில் தெரிந்தது திடீரென்று தெரியாமல் போக வாய்ப்பில்லை. சலிப்பான ஒரு வேலையில் மனத்தை இருத்திவைக்கிற சக்தி அவனுக்கு மூன்று கணக்கு வரைக்கும்தான் தாங்கியிருக்கிறது. பத்துக் கணக்கையும் ஒரேயடியாகக் கொடுக்காமல், மூன்று கொடுத்துத் திருத்தி, எழுந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லி, அடுத்த மூன்றைக் கொடுத்திருந்தால் அந்தப் பக்கம் வேறு மாதிரி இருந்திருக்கும். அம்மாவின் கடிதத்தில் கணக்கைப் பற்றி ஒரு வரிதான். மீதி எல்லாம், ‘செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே’ என்று மாமியாரும் நாத்தனாரும் சொல்வதைப் பற்றியே இருந்தது.

இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிடுகிறேன். செல்லம் கொடுப்பதால் இந்தக் கோளாறு வருவதில்லை. இதில் பரம்பரையின் பங்கு மிகப் பெரிது; இரட்டைக் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வுகள் எழுபது சதவீதத்துக்கும் மேல் என்று சொல்கின்றன. ‘நானும் சின்ன வயசுல இப்படித்தான் இருந்தேன், இப்ப நல்லா இல்லையா?’ என்று சில அப்பாக்கள் கேட்பதில் அவர்கள் நினைப்பதைவிட அதிக உண்மை இருக்கிறது. குறைமாதப் பிறப்பு, எடை குறைந்த பிறப்பு, ஈய நச்சு, கர்ப்ப காலத்துப் புகைப் பழக்கம் இவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. சாக்லேட்டையும் இனிப்பையும் சந்தேகிக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் 1994-இல் ஒரு சோதனை செய்தார்கள். இனிப்பு சாப்பிட்டால் தங்கள் பிள்ளை ஆட்டம் போடுவான் என்று நம்பிய தாய்மார்களை அழைத்து, எல்லாப் பையன்களுக்கும் சர்க்கரையே இல்லாத பானத்தைக் கொடுத்தார்கள். பாதித் தாய்மார்களிடம் மட்டும் ‘நிறைய சர்க்கரை கொடுத்திருக்கிறோம்’ என்றார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்கள்தான் தங்கள் பிள்ளை அன்றைக்கு அதிகமாக ஆடியதாக மதிப்பெண் போட்டார்கள்.

செல்போன்? தூக்கத்தைக் கெடுக்கிறது, படிப்பு நேரத்தைத் தின்கிறது, குறைக்கத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கோளாறு போனோடு வந்ததில்லை. ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 1902-இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸில் உரையாற்றும்போது, அறிவில் குறையில்லாத, ஆனால் ஒன்றில் மனம் நிற்காத, தன்னை அடக்கிக்கொள்ள முடியாத பிள்ளைகளை விவரித்தார். அவர் சொன்னதைப் படித்தால் இன்றைய டைரிக் குறிப்புகள் நினைவுக்கு வரும்.

‘டிவி முன்னால மூணு மணி நேரம் அசையாம உக்காருறான், அவனுக்கா கவனம் இல்ல?’ என்ற கேள்வியையும் அடிக்கடி கேட்கிறேன். நியாயமான கேள்விதான். திரையில் நொடிக்கு நொடி புதிதாக ஒன்று வந்து கவனத்தைப் பிடித்து இழுக்கிறது. பிள்ளை தன் முயற்சியால் எதையும் பிடித்துவைக்க வேண்டியதில்லை. கணக்கு நோட்டு அப்படி இழுப்பதில்லை. இழுக்காத ஒன்றில் தானாக மனத்தைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் இந்தப் பிள்ளைகளால் முடியாமல் போகிறது.

ஏன் முடியவில்லை என்பதற்கு 2007-இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த பிலிப் ஷா குழுவினர் ஒரு நல்ல தடயம் கொடுத்தார்கள். பிள்ளைகளின் மூளையைப் பல ஆண்டுகள் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மூளையின் மேலுறை ஒரு வயதில் உச்சத் தடிமனை எட்டி, பிறகு மெல்ல மெலிகிறது. மற்றப் பிள்ளைகளுக்கு அந்த உச்சம் சராசரியாக ஏழரை வயதில் வந்தது. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்குப் பத்தரை வயதில். அதிகமாகப் பின்தங்கியிருந்தது நெற்றிக்குப் பின்னாலுள்ள பகுதி. திட்டமிடுவது, அடக்கிக்கொள்வது, காத்திருப்பது எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. வளர்ச்சி அதே வரிசையில்தான் நடக்கிறது, மூன்று ஆண்டு தாமதமாக நடக்கிறது. மூன்றாம் வகுப்புப் பையனிடம் ஐந்து வயதுப் பையனிடம் எதிர்பார்க்கிற பொறுமையை மட்டும் எதிர்பார்த்தால் வீட்டில் சத்தம் பாதியாகக் குறையும்.

வயது என்றதும் சொல்ல வேண்டியது இன்னொன்று. நம் வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. பள்ளியில் சேர்ப்பதற்காகப் பிறந்த தேதியை முன்னே தள்ளிச் சொல்வது. அந்தக் காலத்தில் தலைமையாசிரியரே ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியைப் பதிவேட்டில் எழுதிவிடுவார். நம் பெரியவர்கள் பலருக்கு ஜாதகத்தில் ஒரு பிறந்தநாள், சர்ட்டிபிகேட்டில் ஒரு பிறந்தநாள். இப்போது பிறப்புச் சான்றிதழ் இருப்பதால் அது முடியாது. ஆனாலும் ‘ஒரு வருஷம் வீணாப் போயிடும்’ என்று அவசரம் அவசரமாகச் சேர்க்கிற மனம் அப்படியே இருக்கிறது. அதன் விளைவை அமெரிக்காவில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். செப்டம்பர் 1-ஆம் தேதிக்குள் ஐந்து வயது முடிந்தால் அந்த ஆண்டே சேரலாம் என்று விதி உள்ள மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்தவர்கள் வகுப்பிலேயே சிறியவர்கள், செப்டம்பரில் பிறந்தவர்கள் பெரியவர்கள். ஆகஸ்ட் பிள்ளைகளுக்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் வைக்கப்பட்டது செப்டம்பர் பிள்ளைகளைவிட 34 சதவீதம் அதிகம் என்று 2018-இல் வந்த ஆய்வு சொன்னது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலும் இதே கதை. பதினொரு மாதம் சிறியவன் சிறியவனைப் போல நடந்துகொண்டான், அதற்கு நோயின் பெயர் கிடைத்துவிட்டது. ஆகவே டைரிக் குறிப்பு வந்தால், உங்கள் பிள்ளை வகுப்பில் வயதில் எத்தனையாவது ஆள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டு பெற்றோரிடம் எடுத்த கணக்கெடுப்பின்படி, மூன்று முதல் பதினேழு வயது வரையுள்ளவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு, அதாவது எழுபத்தோரு லட்சம் பேருக்கு, எப்போதாவது ஒருமுறை இந்தப் பெயர் சொல்லப்பட்டிருக்கிறது. 2016-இல் அறுபத்தோரு லட்சம். அங்கே அளவுக்கு மீறிப் பெயர் வைக்கிறார்களோ என்று விவாதம் நடக்கிறது, நடக்கவும் வேண்டும். ஒரே முறையில் எண்ணிப் பார்த்த ஆய்வுகளில் முப்பது ஆண்டுகளாகக் கோளாறு கூடியதாகத் தெரியவில்லை, கண்டுபிடிப்பதுதான் கூடியிருக்கிறது. நம் நிலைமை வேறு. பெருநகரத்துத் தனியார் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு அவசரமாகப் பெயர் கிடைக்கிறது. அதே மாவட்டத்தின் ஒன்றியப் பள்ளியில் பத்துப் பிள்ளைகள் எந்தப் பெயரும் கிடைக்காமல் முட்டி போடுகிறார்கள்.

கோவை ஆய்வில் என்னை மிகவும் உறுத்திய எண் 11.32 கிடையாது. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளில் 6.84 சதவீதம், வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளில் 16.33 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல். எடை குறைந்து பிறப்பது, ரத்தசோகை, ஒரே அறையில் ஆறு பேர் தூங்குகிற வீட்டில் சரியாகத் தூங்காமல் வகுப்புக்கு வருவது, வீட்டில் தினம் சண்டை என்று எல்லாம் ஏழைப் பிள்ளையின் தலையில்தான் விழுகின்றன. சில பிள்ளைகளுக்கு இவை கோளாறைக் கூட்டும். சிலரிடம் கோளாறே இல்லாமல் அதைப் போலத் தோன்ற வைக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட தமிழகக் குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இப்படிப்பட்ட குழந்தைகள்தான் பிறகு ஒன்றாம் வகுப்பில் வந்து உட்காருகிறார்கள்.

அதனால்தான் நல்ல மருத்துவர் எடுத்த எடுப்பில் பெயர் சொல்வதில்லை. காது சரியாகக் கேட்கிறதா, கரும்பலகை தெரிகிறதா, அடினாய்டு வீங்கி இரவெல்லாம் வாயால் மூச்சுவிட்டுக் குறட்டை விடுகிறதா, ரத்தத்தில் இரும்புச்சத்து எவ்வளவு, சில நொடிகள் வெறித்துப் பார்த்து மீள்கிற சின்ன வலிப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார். எழுத்துகளைக் கற்பதில் தனிச் சிரமம் இருக்கிறதா என்றும் பார்ப்பார். 2007-இல் வந்த ‘தாரே ஜமீன் பர்’ படத்துக்குப் பிறகு, படிப்பில் பின்தங்கிய எல்லாப் பிள்ளைகளையும் அந்தப் படத்துச் சிறுவனோடு சேர்த்துவிடுகிறோம். அந்தச் சிறுவனுக்கு இருந்தது கற்றல் குறைபாடு. அது வேறு, இது வேறு; இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருப்பதும் அடிக்கடி நடக்கிறது.

பெண் பிள்ளைகளைப் பற்றி இரண்டு வரி. அவர்களில் பலர் ஓடுவதில்லை, ஏறிக் குதிப்பதில்லை. மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் அமைதியாக உட்கார்ந்திருப்பாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவாள். தண்ணீர் பாட்டிலை மாதம் ஒன்றாகத் தொலைப்பாள். யாருக்கும் தொந்தரவு இல்லாததால் டைரியில் குறிப்பும் வராது. ‘மக்கு’ என்று முடிவுகட்டிவிடுவார்கள். வெளிநாடுகளிலும் பெண்களுக்கு இதைக் கண்டுபிடிப்பது தாமதமாகத்தான் நடக்கிறது.

மருந்து பற்றிய பயத்தையும் பேசிவிடலாம். ஆறு வயதுக்குக் கீழே என்றால் முதலில் பெற்றோருக்குத்தான் பயிற்சி. எப்படிக் கட்டளை சொல்வது, எதைப் பாராட்டுவது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று சொல்லித் தருவார்கள். அதற்கு மேற்பட்ட வயதில், தொந்தரவின் அளவைப் பார்த்து மருந்தும் பயிற்சியும். மெத்தில்பெனிடேட் என்பது இதற்கு மிக நீண்ட காலமாகப் பயன்படும் மருந்து. நம் நாட்டில் கடுமையான கட்டுப்பாட்டில் இருப்பதால் எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைக்காது. சில பிள்ளைகளுக்குப் பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும். எடையையும் உயரத்தையும் மருத்துவர் அவ்வப்போது அளந்து பார்ப்பார். 579 பிள்ளைகளைப் பதினான்கு மாதங்கள் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு 1999-இல் வெளிவந்தது. கவனக்குறைவையும் துறுதுறுப்பையும் குறைப்பதில், சரியாகக் கண்காணித்துக் கொடுத்த மருந்து நன்றாக வேலை செய்தது அதில் தெரிந்தது. ‘அடிமையாகிவிடுவானா?’ என்று கேட்கிறீர்கள். மருத்துவர் சொன்னபடி இதைச் சாப்பிட்ட பிள்ளைகள் பின்னாளில் போதைக்குப் போவது கூடியதாக ஆய்வுகள் காட்டவில்லை.

பாட்டி தருகிற வல்லாரைத் துவையலைத் தாராளமாகக் கொடுங்கள், கீரை நல்லதுதான். அது மருந்தின் வேலையைச் செய்யும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் படிக்க வைப்போம், நடுமூளையைத் தூண்டிவிடுவோம், பத்து நாளில் குணம் என்று நோட்டீஸ் கொடுத்து ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்களிடம் பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள். அது ஏமாற்று.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால சுவஸ்திய கார்யக்ரம் திட்டத்தில் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கே வந்து பிள்ளைகளைப் பார்க்கின்றன. அவர்கள் பார்க்க வேண்டிய குறைபாடுகளில் இதுவும் ஒன்று. அவர்கள் சீட்டு எழுதிக் கொடுத்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் காட்டலாம். குழு வரும் நாளில் உங்கள் பிள்ளையின் பெயரைத் தனியாகச் சொல்லிவையுங்கள், கூட்டத்தில் விட்டுப்போகும். யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை என்றால் 14416. டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, தமிழில் பேசலாம்.

மருத்துவர் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் பார்க்கிறார். ஆசிரியர் நாளைக்கு ஆறு மணி நேரம் பார்க்கிறார். இரண்டு மூன்று பேர் எல்லா வகுப்பிலும் உண்டு என்கிறபோது, இந்தப் பிள்ளைகளைக் கையாள்வது சிறப்புப் பள்ளியின் வேலை என்று யாரும் ஒதுங்க முடியாது. அதற்கு என்ன செய்யலாம் என்பது பல நாடுகளில் பழகிப் பார்த்த விஷயம். ஜன்னலையும் கதவையும் விட்டு விலக்கி, முன் பெஞ்சில் ஆசிரியரின் கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார வைப்பது. ‘புத்தகத்தை எடுத்து, நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் திறந்து, மூன்றாவது கேள்விக்குப் பதிலை நோட்டில் எழுது’ என்று ஒரே மூச்சில் சொல்லாமல், ஒன்று முடிந்ததும் அடுத்ததைச் சொல்வது. நோட்டுகளைக் கொடுத்து வரவும், பலகையைத் துடைக்கவும், ஆபீஸ் அறைக்குச் சர்க்குலர் கொண்டுபோகவும் அவனையே அனுப்புவது. எப்படியும் எழுந்திருக்கப் போகிற பிள்ளை ஒரு வேலையாக எழுந்திருக்கட்டும். சரியாகச் செய்தால் சாயங்காலம் வரை காத்திராமல் அந்த நிமிடமே சொல்வது. வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே ஒரு சின்ன அட்டை. அதில் இன்றைக்குப் பார்க்க வேண்டிய இரண்டே இரண்டு விஷயம். நடந்திருந்தால் ஆசிரியர் டிக் போடுவார், வீட்டில் அதற்கு ஒரு சின்னப் பரிசு. சிவப்பு மை டைரியின் இடத்தில் அந்த அட்டை வந்தால் பிள்ளைக்கு மாலையில் வீடு திரும்புகிற பயம் போய்விடும்.

நாற்பது பேரை வைத்துக்கொண்டு தனியாக நின்று பாடம் நடத்துகிற ஆசிரியருக்கு இது எளிதில்லை என்று எனக்குத் தெரியும். பாடத்தை முடிக்கவில்லை என்றால் அவரைக் கேட்பார்கள். ஆனாலும் அடியும் வகுப்புக்கு வெளியே நிறுத்துவதும் இந்தப் பிள்ளைகளிடம் வேலை செய்வதில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், உடல் தண்டனையையும் மனத்தை நோகடிப்பதையும் வெளிப்படையாகத் தடை செய்திருக்கிறது. வெளியே நிற்கிற பீரியட்டில் நடத்திய பாடம் அந்தப் பிள்ளைக்குப் போயே போய்விடுகிறது. ஏற்கெனவே பின்தங்கிய பிள்ளை.

அரசிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அதில் சேர்க்கப்பட்டது. அது நல்ல காரியம். ஏ.டி.எச்.டி. அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. தேர்வில் கூடுதல் நேரம், தனி அறை என்று கேட்கப் போகிற பெற்றோர் சான்றிதழுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் அலைகிறார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் சலுகை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடுமையான பாதிப்பு இருக்கிறது என்று அரசு மருத்துவர் எழுதிக் கொடுத்தால், பத்தாம் வகுப்புத் தேர்வில் அரை மணி நேரம் கூடத் தருவதற்கு ஒரு தெளிவான ஆணை வேண்டும்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். கடிதம் எழுதிய அந்த அம்மாவுக்குத் தனியாகப் பதில் எழுதிவிட்டேன். ஆகஸ்ட் இதழில் நான்கு பக்கங்களை இந்த விஷயத்துக்கு ஒதுக்குகிறோம். ஆசிரியர்களே, உங்கள் வகுப்பில் இப்படி ஒரு பிள்ளையை உட்கார வைக்க நீங்கள் கண்டுபிடித்த வழி என்ன? ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தாலும் சரி, பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுப்பவராக இருந்தாலும் சரி, அரைப் பக்கம் போதும், எழுதுங்கள். வீட்டுப்பாட நேரத்தைச் சண்டையில்லாமல் கடக்கக் கற்றுக்கொண்ட அம்மா அப்பாக்களும் எழுதுங்கள். சின்ன வயதில் முட்டி போட்டு வளர்ந்து இன்று பெரியவர்களாக இருக்கிறவர்கள் எழுதினால் இன்னும் மகிழ்ச்சி. பிள்ளையின் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம். வயதும் வகுப்பும் மட்டும் இருக்கட்டும். ஜூலை பத்தாம் தேதிக்குள் கிடைத்தால் அச்சுக்குக் கொடுக்க வசதியாக இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்